குந்தூரின் தாடை

எந்தின் கிடாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் ஓயோவுக்கென்று வாங்கிய வாசனைச் சோப்பு முழுக்க அதன் கழுத்து மயிரிலேயே கரைந்துகொண்டிருந்தது. காருத் பக்கம் ஞாயிறு என்றால் கிடாமுட்டு. கொட்டு முழங்கும், கிடா முட்டும், கிடாவுக்குச் சொந்தக்காரன் கூடவே ஆடுவான். இன்று ஓயோவின் கிடா குந்தூர் முதன்முதலாகக் களமிறங்கப்போகிறது.

ஊரே அதன் தாடையைப் பற்றித்தான் பேசியது. கொஞ்ச நாளாகத் தாடைக்கடியில் பை மாதிரித் தொங்கியது. சாயங்காலமானால் இன்னும் பெருத்தது. வம்சக் கம்பீரம் என்றான் ஓயோ. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காபி. ஊர்த்தலைவருக்கே இப்படியொரு தாடை இல்லை என்று பக்கத்து வீட்டு ஜுஜு சொல்லப்போக, தலைவரே வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தன்னுடையதையும் தடவிக்கொண்டே போனார். எந்தினும் சிரித்துச் சிரித்துக் காபி கலந்தவள்தான்.

இப்போது நுரையோடு அழுத்தினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. கண்ணிமையை விரித்தால், உள்ளே கஞ்சித்தண்ணி வெளுப்பு. போன ஹஜ்ஜுப் பெருநாளில் ஒரு கிடாவின் ஈரலை அறுத்தபோது இலை இலையாகத் தட்டைப்புழு நெளிந்ததைப் பார்த்தவள் அவள். சோப்பைக்கூடக் கழுவாமல் குந்தூரை வீட்டுக்குள் இழுத்துவந்தாள்.

ஓயோ கறுப்புச் சட்டையில், கண்ணாடி முன்னால் தோளைக் குலுக்கி ஆடிப் பழகிக்கொண்டிருந்தான்.

"காங்" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "புல்லு எங்க அறுத்தீங்க?"

"வயக்காட்டுலதான். விடியுமுன்னே, தண்ணிக்குள்ள கைய விட்டு அடியோட. வெள்ளைத் தண்டுதான் இனிப்பு."

"பனி காயட்டும், தண்ணிக்கு மேல ஒரு சாண் விட்டு அறுங்கன்னு சொன்னேனா இல்லியா? நத்தை கெடக்குற தண்ணி, அதுலேருந்துதான் ஈரப்புழு புல்லுக்கு ஏறும். புழுவ ஊட்டி வளத்துட்டு கம்பீரமாம். ஈரல் கெட்டுத் தாடையில எறங்குன தண்ணி இது. இன்னைக்கு முட்டுனா களத்துலயே சாஞ்சுரும்."

"பொறாமை. உங்கப்பன் கிடாவுக்குத் தாடையே கெடையாதே."

அவன் விரலைப் பிடித்து அழுத்த வைத்தாள். குழி விழுந்தது. ஓயோ தன் தாடையை அழுத்தினான், கன்னத்தை அழுத்தினான், எந்தினின் கையை அழுத்தினான். எல்லாம் உடனே மேலெழும்பின. குந்தூரின் குழி மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு வளைந்த ஓயோவின் இடுப்பு வளைந்தபடியே நின்றது.

வெளியே கொட்டு தொடங்கிவிட்டது. ஜுஜு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

எந்தின் பரண்மேல் துழாவினாள். இந்தத் தாடைக்கு மருந்தா என்று ஓயோ சிரித்துத் தள்ளிய புழுமருந்து, மூடி திறக்காமல் அங்கேயே இருந்தது.

"கொட்டுக்காரன் வந்துட்டானே, நெங்" என்றான் ஓயோ பெண்டாட்டியிடம். "நான் இப்ப யாரோட ஆடுறது?"

ஒரு கையில் பாட்டிலும் மறுகையில் கயிறுமாக, தரையெல்லாம் நுரை சொட்ட, கிடாவை இழுத்துக்கொண்டு அவள் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.