அத்தை வண்டிக்குச் சேராத டயர்

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் சூம்பிப்போயிருந்தன. ஆனாலும் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் கோவில்பட்டியில் அவள் போகாத தெரு கிடையாது. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கு லேபிள் ஒட்டப் போகும்போது என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவாள்.

ஒரு கோடையில் முன்சக்கர டயர் பிளந்துவிட்டது. அதிலிருந்த எண்கள் தேய்ந்து அழிந்திருந்தன. அம்மாவின் தையல் டேப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, நானும் அத்தையும் ரிம்மை அளந்து அப்பாவிடம் சொன்னோம். அதற்கு இருபத்தாறு இஞ்ச் டயர் என்றார். அப்பா வேலை பார்த்ததே டயர் கடையில்தான்.

அவர் முதலில் கொண்டுவந்தது இருபத்தெட்டு இஞ்ச். ரிம்மில் நிற்காமல் தொளதொளவென்று கழன்றது. அடுத்ததில் இருபத்தாறு என்று சரியாகவே போட்டிருந்தது. எவ்வளவு நெம்பியும் ஏறவில்லை.

“இருபத்தாறுலயே ரெண்டு மூணு ரகம் உண்டும்மா” என்றார் அப்பா என்னிடம். அந்த எண் காற்றடித்த டயரின் உயரமாம். டயரின் தடிமன் மாறினால் ரிம்மில் உட்காரும் வட்டமும் மாறிவிடுமாம். இவ்வளவும் தெரிந்தவர் மூன்றாவதாகவும் சேராத டயரையே கொண்டுவந்தார்.

“கடையில இதுதான் கெடக்கு. அடுத்த வாரம் பாப்போம்.”

“லாரி தூரத்துல வரும்போதே டயர் நம்பர் சொல்லுவீகளே, அண்ணே. எஞ்சக்கரத்து அளவா ஒங்களுக்குத் தெரியல?”

அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். எனக்கு அத்தை மேல்தான் கோபம் வந்தது. கடையில் இல்லாவிட்டால் அப்பா என்ன செய்வார்?

அதன்பின் அத்தை டயர் கேட்கவில்லை. ஆபீசுக்கும் போகவில்லை.

தீப்பெட்டி பண்டல் ஏற்ற வரும் லோடு ஆட்டோக்காரர் ஒருவர் அத்தையைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அவர் வேறு சாதி. தங்கையிடம் முகத்துக்கு நேராகக் கூடாது என்று சொல்ல வாய் வராத அப்பா, அவள் வீட்டை விட்டு வெளியே போக முடியாதபடி பார்த்துக்கொண்டார். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னது.

டயர் வராத அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். லோடு ஆட்டோ ஒன்று எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தது. அத்தையின் விரல்கள் என் பின்னலில் அப்படியே நின்றுபோயின.

“யாரு அத்தை?”

“பாதை தெரியாம வந்திருப்பாக. ஆடாம இருடி.”

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பாவமாக இருந்தது எனக்கு. பாதிப் பின்னலோடு வெளியே ஓடினேன். “அண்ணாச்சி, மெயின் ரோடு அங்கன இல்ல, இங்கன” என்று கத்திக்கொண்டே தெருமுனைவரை அந்த வண்டியைத் துரத்தினேன்.