வெடித்த காய்

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குக் கொடுப்பதற்காக இன்று ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்ததும், போடியில் நாங்கள் காய் பொறுக்கிய அறையின் வாசனை முகத்தில் அறைந்தது. அந்த அறையை இடித்து இப்போது கார் நிறுத்துகிறார்கள்; என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. நோன்பு மாதத்தில் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் மூட்டை வந்து இறங்கியதும், சல்லடை சரசரக்க, பருத்த பச்சைக்காயாகப் பார்த்துப் பள்ளிவாசல் பைக்கு முதலில் எடுத்துவைப்பார் என்னைப் பெற்ற அத்தா. வீட்டுக்கு வருவதெல்லாம் வெடித்த காய்தான்.

"எங்களவிட அல்லாதான் ஒங்களுக்குப் பெருசா அத்தா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"ஆமா ஆத்தா," என்றார், பொறுக்கும் கை நிற்காமலே.

ஒரு பேச்சுக்காவது இல்லையென்று சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் நினைத்து நினைத்துப் பொருமிக்கொண்டே இன்றைய காயைப் பொறுக்கி முடித்துவிட்டுப் பார்த்தேன். பருத்த காயெல்லாம் என் டப்பாவில் கிடந்தது. பள்ளிவாசல் பொட்டலம் முழுக்க வெடித்த காய்.