முப்பதாயிரத்தை அறுநூறால்

காமுவுக்கு வகுத்தல் வராது. நாலாவது படிக்கும்போது டைபாய்டில் படுத்தவள், அதன்பின் பள்ளிக்கூடம் போகவில்லை. திருமுடிவாக்கத்தில் வாஷர் செய்யும் கம்பெனியில் பல வருடமாக பேக்கிங் வேலை. இத்தனை வாஷருக்கு இத்தனை பெட்டி என்று லைன் லீடர் சொல்லிவிடுவார், இவள் அடுக்குவாள். அந்த லீடர் வேலையை விட்டு நிற்கப்போவதாகத் தெரிந்ததும் காமுவுக்கு அந்த இடத்தின்மேல் ஆசை வந்தது. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். நின்ற இடத்தில் மனக்கணக்குப் போட வேண்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரே வேனில் வரும் ஏஞ்சலிடம் மட்டும் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"யாராண்டயும் சொல்லிடாத ஏஞ்சல். மானம் போயிடும்."

"நான் இன்னாத்துக்குக்கா சொல்லப் போறேன்?"

சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த அட்டைப்பெட்டியின் மேல் ஏஞ்சல் எழுதிக் காட்டினாள். "முப்பத்திரண்டுல எட்டு எத்தினி? நாலு. முந்நூத்தி இருபதுல? நாப்பது. மூவாயிரத்து இருநூறுல? நானூறு. சைபர் ஒண்ணு ஏறினா விடையிலயும் ஒண்ணு ஏறும். அதையே எண்பதால வகுக்கச் சொன்னா, அந்தப் பக்கம் ஒரு சைபர், இந்தப் பக்கம் ஒரு சைபர் அடிச்சுடு."

நாலாயிரத்தை எண்பதால் வகுக்கச் சொன்னபோது காமு எல்லா சைபரையும் அடித்துவிட்டு, நாலில் எட்டு போகாமல் விழித்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஒண்ணுக்கு ஒண்ணுதான்க்கா. இப்போ நானூறு, எட்டு. நாப்பதுல எட்டு அஞ்சு. மீதி ஒரு சைபர் கீதே, அத்தப் பின்னால போடு."

"அம்பது."

கொஞ்ச நாளில் குளிக்கும்போதுகூட அவளுக்குக் கணக்கு ஓடியது.

ஒரு காலையில் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் புது லீடரைத் தேர்ந்தெடுக்க எல்லோரையும் கூப்பிட்டார். "காமு, நீங்கதான் சீனியர். ஆனா உங்களுக்கு டிவிஷன் தெரியாது, இப்பத்தான் கத்துக்கறீங்கன்னு ஏஞ்சல் சொன்னாங்க. முப்பதாயிரம் வாஷர், பெட்டிக்கு அறுநூறு. எத்தனை பெட்டி?"

காமு ஏஞ்சலைப் பார்த்தாள். ஏஞ்சல் டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தாள்.

இரண்டிரண்டு சைபர் போனால் முந்நூறு, ஆறு. முப்பதில் ஆறு அஞ்சு.

"அம்பது, சார்."

"பரவால்ல, கத்துக்கினாங்களே," என்று யாரோ சிரித்தார்கள். ஒருத்தி கைதட்டினாள். காமுவின் காது சுட்டது.

சரியாகச் சொல்லியும் லீடர் வேலை ஏஞ்சலுக்குப் போனது. அன்று வேனில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சார் கேட்டாருக்கா. வாய் தவறி வந்துடுச்சு."

"உனக்கு வேணும்னா என்னாண்டயே கேட்டிருக்கலாம். நீயே இருந்துக்கோன்னு சொல்லியிருப்பேன்."

அப்படிச் சொல்லியிருப்பாளா என்று காமுவுக்கே தெரியவில்லை. லீடர் வேலை கை நழுவியதைவிட, அன்று சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சிரித்த அந்தச் சிரிப்புதான் அவளை அறுத்தது. கூடச் சிரித்தவள், அப்போதே மனதில் குறித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

மறுவாரம் ஏஞ்சல் வந்து நின்றாள். "அக்கா, இருபதாயிரம், பெட்டிக்கு ஐநூறு. நாப்பது பெட்டி எடுத்துக்கோ."

"சரி மேடம்."

"இன்னாக்கா, மேடம்னுகினு."

காமு பெட்டிகளை மடிக்க ஆரம்பித்தாள்.