எஸ்தர் டீச்சரின் அறுப்பின் பண்டிகை

வெள்ளிக்கிழமை, காலை 6.50

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏற்காடு பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்த களைப்போடு ஏறி, ஜன்னலோர இருக்கை ஒன்றைப் பிடித்தேன். டிக்கெட் முப்பத்தாறு ரூபாய். தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மடியில் முறுக்கு டப்பா. மனதில், தோழி எஸ்தரிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள்.

எஸ்தரும் நானும் சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோது விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவள் பாடினால் பக்கத்து அறைக்காரிகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். பிறகு ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டையில் வாழ்க்கைப்பட்டு, சிறுபிள்ளைகளுக்கு ஆசிரியையாகவும் அந்த ஊர்ச் சபையில் பாட்டை நடத்துகிறவளாகவும் இருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் தொண்டையில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சையில் கட்டி போனது, கூடவே குரலும் போனது. வேலையை அவளே விட்டுவிட்டாள்.

அவள் குரலுக்காக நான் தினமும் ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் என் கணவர் ஜேக்கப் வேலை பார்த்த தொழிற்சாலையும் மூடப்பட்டது. எட்டு மாதங்களாக வேலை இல்லை. எங்கள் வீட்டில் மாலை ஜெபம் எந்த நாளில் நின்றது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் அவருக்குத் தலைவலி, மறுநாள் எனக்கு அலுப்பு, அப்படியே விட்டுப்போயிற்று. இந்த நிலையில் எஸ்தருக்கு என்ன ஆறுதல் சொல்வது? கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதிலிருந்து அதையே யோசித்துக்கொண்டு போனேன். பதினைந்தாவது வளைவுக்கு மேல் குளிர் முகத்தில் அறைந்ததும் யோசனை நின்று, சால்வையைத் தேட ஆரம்பித்தேன்.

காலை 9.00

ஏற்காடு கடைவீதியில் இட்லியும் காப்பியும். மஞ்சக்குட்டைக்கு அங்கிருந்து ஷேர் ஜீப், ஆளுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் பழனிக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு.

“ஏனுங்க, யாரு ஊட்டுக்குப் போறீங்க?”

“எஸ்தர்னு, முன்னாடி டீச்சரா இருந்தாங்க.”

“அட, எஸ்தர் டீச்சர் ஊடுங்களா! முன்னாடி வந்து உக்காருங்க.” முன்னிருக்கையில் இருந்த ஒரு காலிபிளவர் மூட்டை உடனே பின்னால் போனது. “என்ற ரெண்டு புள்ளைங்களுக்கும் ஆனா ஆவன்னா அவங்கதானுங்க சொல்லிக் குடுத்தாங்க. நாளைக்கு உங்க கோயில்ல வெளைச்சலுக்கு நன்றி சொல்ற அறுப்பின் பண்டிகைதானுங்களே? அரிசி மூட்டை, அண்டா எல்லாம் நம்ம வண்டிலதான் போவுது. நான் இந்த மலைச்சாமி சேர்வராயனைக் கும்புடறவனுங்க. ஆனா டீச்சர் ஜெபம் பண்ணுனா நானும் கையக் கட்டிட்டு நின்னுக்குவேன்.”

வழியெல்லாம் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிக்கொண்டு ஏறியிருந்தது. களங்களில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பழனி எனக்காக ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, கீழே வெகுதூரத்தில் தெரிந்த சமவெளியைக் காட்டினான். பின்னால் இருந்தவர்கள் யாரும் அவசரப்படவில்லை.

காலை 10.15

எஸ்தரின் வீடு சாலையிலிருந்து ஐம்பது படி கீழே. பாதி இறங்கும்போதே விசில் சத்தம் காதைப் பிளந்தது. பார்த்தால், விளையாட்டு மாஸ்டர் போல் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு எஸ்தர் நிற்கிறாள்! ஓடிவந்து கட்டிக்கொண்டாள். காதருகில் காற்று மாதிரி ஒரு குரல் கேட்டது.

“ஏம்புள்ள பியூலா, இவ்வளவு நாளாச்சா உனக்கு வர்றதுக்கு?”

நான் சேர்த்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அழத்தான் வந்தது. அவள் என் கண்ணீரைத் துடைத்துவிட்டு, கையில் ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கொடுத்தாள். இப்போது அழுதால் காரணம் இருக்கும் என்றாள்.

விசிலுக்குக் கணக்கு உண்டு. ஒன்று ஊதினால் கணவர் டேனியலுக்கு. பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கிறார். வேலை முடிந்து வந்தால் எப்போதும் நாற்றங்காலில்தான் இருப்பார். இரண்டு ஊதினால் சாப்பாடு. மூன்று ஊதினால் ஜெபத்துக்கு வரச்சொல்லி அக்கம்பக்கத்தாருக்கு. நாற்றங்கால் எஸ்தருடையது. மண் நிரப்பிய சின்னப் பைகளில் காப்பிக் கன்றும் மிளகுக் கன்றும் வரிசை வரிசையாக நின்றன. வேலையை விட்ட பிறகு ஆரம்பித்ததாம். மதியம் முழுக்க நானும் பைகளில் மண் நிரப்பினேன். அவள் சிரிப்புக்குச் சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது. ஆனால் அதைப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

மாலை 6.00

மூன்று விசில். பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வேத வாசிப்புக்குப் பிறகு எஸ்தர் ஜெபிக்க ஆரம்பித்தாள். அந்த மூச்சுக்குரலைக் கேட்பதற்காக எல்லாரும் முன்னால் சாய்ந்துகொண்டார்கள். குழந்தைகள்கூட அசையவில்லை. காட்டெருமை நாற்றங்காலை மிதிக்காமல் போனதற்கு நன்றி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி. பியூலா வந்ததற்கு நன்றி. அந்த நேரம் பார்த்து அடுப்பில் இருந்த குக்கர் கூவியது. எஸ்தர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்திக் காத்திருந்தாள். இன்னொரு முறை கூவியது. மூன்றாவதும் வந்ததும் டேனியல் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அவள் தோள் குலுங்கியது. அறை முழுவதும் சிரித்தது. சிரிப்போடேயே அவள் தொடர்ந்தாள்.

“நாளைக்கு வர்ற ரிப்போர்ட் எப்படி இருந்தாலும், ஆண்டவரே, எங்க சந்தோஷத்த எங்ககிட்ட இருந்து எடுத்துப் போடாதீங்க.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் போனதும் சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன ரிப்போர்ட்?”

கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போன வாரம் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். டேனியல் நாளைக் காலை முதல் பஸ்ஸில் சேலம் போய் வாங்குகிறார்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ மொகத்தத் தொங்கப் போட்டுட்டு வந்திருப்ப. எனக்கு வெங்காயம் உரிக்க ஆள் வேணுமே.”

என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் குரலுக்காக நான் ஜெபித்ததையும், பதில் வராததையும், எங்கள் வீட்டில் ஜெபமே நின்றுபோனதையும் கொட்டிவிட்டேன். அவள் சாதத்தைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் மூணு மாசம் ஜெபம் வரல பியூலா. நொம்பக் கோவம். பாடறதுக்குன்னு குடுத்ததை ஏன் புடுங்கிட்டீங்கன்னு ஆண்டவர்கிட்ட தெனமும் சண்டைதான். சாயங்காலம் எங்க ஊட்டுக்காரரு ஜெபிப்பாரு, நான் அவரு கையப் புடிச்சுட்டுச் சும்மா உக்காந்திருப்பேன். எந்திரிச்சு மட்டும் போவல.” சற்று மூச்சு வாங்கினாள். நீளமாகப் பேசினால் களைத்துவிடுகிறாள். “ஒருநாள் பையில மண்ணு ரொப்பிட்டு இருக்கறேன், உள்ளுக்குள்ள பாட்டு ஓடிட்டு இருக்குது. எப்ப ஆரம்பிச்சேன்னே தெரியல. அந்தச் சண்டையும் ஜெபந்தான்னு அப்பத்தான் புரிஞ்சுது.”

சனிக்கிழமை, காலை 11.00

ஓடு வேய்ந்த சின்ன ஆலயம். பீடத்தின் முன்னால் பூசணி, ஆரஞ்சு, மலைவாழைக் குலை, ஒரு படி ராகி, காப்பிக்கொட்டை, கால் கட்டிய சேவல் ஒன்று. பிரசங்கத்தின் நடுவில் சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஜன்னல் ஏறியது. போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அதைப் பிடிக்கச் சொன்னார். பழனிதான் பிடித்தான்.

எஸ்தர் தன் கைபேசியை என்னிடம் கொடுத்திருந்தாள். போனில் அவள் பேசினால் எதிர்முனைக்குக் கேட்காது. ஆகவே டேனியல் அழைத்தால் நான்தான் பேச வேண்டும். சிக்னல் ஆலய வாசலில் பலா மரத்தடியில் மட்டும் கிடைக்கும். அசனம் என்கிற சபை விருந்துக்குப் பந்தி தொடங்கியதும் நான் போய் அங்கே நின்றேன். உள்ளே பந்தலில் அவள் கரண்டியோடு வரிசை வரிசையாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் போயிற்று. நின்றபடியே ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

மதியம் 12.40

“பியூலாக்கா, டேனியலுங்க.” “கட்டி திரும்ப வரலைங்க. சுத்தமா ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்காங்க.”

மரத்தைப் பிடித்துக்கொண்டேன். “குரல்? அதைப் பத்திக் கேட்டீங்களா?”

“கேட்டேனுங்க. குரல் நரம்பு போனது போனதுதானுங்களாம். இனி வராதுன்னுட்டார் டாக்டர். அதையும் சொல்லிருங்கக்கா. அவகிட்ட நான் எதையும் மறைச்சதில்லைங்க.”

பந்தலுக்கு நடந்தேன். எஸ்தர் என் முகத்தைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டையும் சொன்னேன். முதலாவதற்கு என் கையை நசுக்கிப் பிடித்தாள். இரண்டாவதற்குக் கண் நிறைந்து வழிந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு தலைப்பை இறக்கி, விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். பந்தியே நிமிர்ந்தது.

“எனக்குப் பதிலா நீ சொல்லு,” என்றாள்.

சொன்னேன். நோய் இல்லை என்றதும் பந்தலில் எழுந்த சத்தத்தில் அடுத்ததைச் சொல்லவே சற்று நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் சொன்னேன். போதகர் சாப்பிட்ட கையோடு எழுந்து ஒரு நன்றிப் பாட்டைத் தொடங்கினார். அவருக்கும் ராகத்துக்கும் தூரம் அதிகம். ஆளுக்கொரு சுருதியில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். எஸ்தர் குழம்பு அண்டாவின் விளிம்பில் கரண்டியால் தாளம் தட்டினாள். கண்ணீர் காயாத முகத்தில் உதடுகள் ஒவ்வொரு சொல்லாக அசைந்தன. பாட்டு முடிந்ததும் பழனியின் இலையைப் பார்த்து, இன்னும் சோறு வேணுமா என்று சைகையில் கேட்டாள். போடுங்க டீச்சர் என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஞாயிறு, காலை 11.30

ஆராதனை முடிந்து ஏற்காட்டிலிருந்து இறங்கும் பேருந்தில் உட்கார்ந்தேன். பையில் ஆரஞ்சும் அரைக்கிலோ காப்பித்தூளும். தாம்பரத்தில் எங்கள் வீட்டில் மூன்று அறைகள், இரண்டு மனிதர்கள். ஒரு அறையில் இருப்பவர் இன்னொரு அறையில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அமைதியாக இருக்கப் பழகிவிட்டோம். வேலை கிடைக்கட்டும், பிறகு நன்றி சொல்லி ஜெபிக்கலாம் என்று நானும் அவரும் தனித்தனியாகக் காத்திருந்தோம் போலிருக்கிறது. மஞ்சக்குட்டையில் அப்படி யாரும் காத்திருக்கவில்லை.

அடிவாரம் தாண்டியதும் வெயில் அடித்தது. சால்வையை மடித்து வைத்துவிட்டு ஜேக்கப்பை அழைத்தேன். ஸ்கேன் முடிவைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

“சாயங்காலம் நான் வந்ததும் ஜெபம் பண்ணலாங்க,” என்றேன். “வேலைக்காக மட்டும் இல்ல. சும்மா, சேர்ந்து உக்காந்து. பாட்டை நீங்க ஆரம்பிங்க.”

மறுமுனையில் அவர் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“எந்தப் பாட்டு?” என்று கேட்டார்.