அம்மாசியும் மேலே உட்கார்ந்திருப்பவரும்

“கேட்டுது சார், கேட்டுது. நோட் பண்ணிக்கினேன்” என்று எதிரே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அம்மாசி வடக்கு மாட வீதியிலிருந்து கிழக்கு மாட வீதிக்குத் திரும்புகிறார். காலை ஐந்தேகால் மணி. பெருவிரல் எட்டிப் பார்க்கும் கான்வாஸ் ஷூ, பட்டை போட்ட அரைக்கால் டிராயர், கழுத்தில் ஒரு துண்டு. சந்நிதித் தெருவுக்கு வந்துகொண்டிருப்பவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஊருக்குப் புதியவர்கள்தான் இந்த ஆள் யாரோடு பேசுகிறார் என்று நின்று பார்ப்பார்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது.

அவர் பேசுவது தன் மூளையோடு.

கிண்டி தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு பட்டறையில் அம்மாசி லேத் ஓட்டுகிறார். முப்பத்துமூன்று வயது. பட்டறையின் மரப்படி ஏறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. அதில் சூப்பர்வைசர் கணேசமூர்த்தி உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். லேத்தில் கொஞ்சம் சூடு ஏறினால் போதும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் ஆட்டுவார்: நிறுத்து, நிறுத்து! மிஷின் இன்னும் ஒரு மணி நேரம் தாராளமாக ஓடும் என்பது அதில் கை வைத்திருப்பவனுக்குத் தெரியும். கணேசமூர்த்திக்கும் ஒருவேளை தெரிந்திருக்கலாம். ஆனால் ஏதாவது உடைந்தால் பழி தன் தலையில் விழுமே என்பது அவர் கவலை.

“அதே மாரி மண்டைக்குள்ளயும் ஒர்த்தன் குந்திகினு கீறான் நைனா” என்பார் அம்மாசி. “கால் முடியலன்னு கால் சொல்லாது. அவன்தான் சொல்வான். கெட்டவன் இல்ல, பயந்தாங்கொள்ளி. நீ செத்துடப் போறியேன்னு கத்திகினே இருப்பான்.”

மண்டைக்குள் இருப்பவரைத் திட்டும்போது ‘அவன்’. நேரில் பேசும்போது மட்டும் ‘சார்’. வேலைக்குப் போகிறவனின் மரியாதை அது, எங்கேயும் விட்டுப் போகாது.

இந்த ஞானம் சும்மா வந்ததில்லை. எழுபத்தொன்றில், தொழிற்சாலைகளுக்கு இடையேயான விளையாட்டுப் போட்டி ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று. அம்மாசிதான் முதலில் ஓடிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று தொடங்கும்போது ஒரு மணி அடிப்பார்கள். அன்றைக்குச் சுற்று எண்ணியவர் தப்பாக எண்ணி, ஒரு சுற்று முன்னதாகவே அடித்துவிட்டார். அம்மாசி உடம்பில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு ஓடிக் கோட்டைத் தாண்டினார். “இன்னொண்ணு இருக்கு, போப்பா, போ!” என்றார்கள். அவ்வளவுதான். பொத்தென்று புல்லில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. நூறு மீட்டர் பின்னால், தன் சுற்றைத் தானே எண்ணிக்கொண்டு வந்த ஒருவன் நிதானமாகத் தாண்டிப் போய் மாநில அணிக்குப் போய்ச் சேர்ந்தான்.

மணி அடித்தவர் மீது அம்மாசிக்குக் கோபம் இல்லை. அவர் மனத்தை அறுத்தது வேறு. அன்று சாயங்காலம், கூட வந்திருந்த சிநேகிதர் மெஹபூப் அலியைக் கேரியரில் உட்கார வைத்து மயிலாப்பூர் வரைக்கும் அம்மாசியேதான் சைக்கிள் மிதித்தார். மெஹபூப் அலி கச்சேரி ரோடில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர், ஆள் கொஞ்சம் கனம். அடையாறு பாலத்து மேட்டில் மிதித்து ஏறும்போதுதான் அம்மாசிக்கு உறைத்தது. ஐந்து மைல் இந்த மனுஷனை இழுக்கிற கால், அந்த நானூறு மீட்டர் ஓடியிருக்காதா? ஓடியிருக்கும் என்றால் அங்கே உட்கார்ந்தது யார்?

மறுவாரம் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டரிடம் காலைக் காட்டினார். அவர் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். “உங்க காலுக்கு ஒண்ணும் இல்லை. முடிஞ்சுதுன்னு நினைச்ச உடனே மூளை கதவைச் சாத்திடும். உடம்பு முழுக்கத் தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அது போதும்னு சொல்லிடும். நம்மளைக் காப்பாத்தத்தான்” என்றார். அம்மாசி உடனே, “எங்க கணேசமூர்த்தி சார் மாரி” என்றார். டாக்டருக்கு எதுவும் புரிந்திருக்காது. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சுற்றைத் தானே எண்ணிக்கொண்டு ஓடினால் தீர்ந்தது என்று நாம் சொல்வோம். மெஹபூப் அலியும் அதைத்தான் சொன்னார். அம்மாசி ஒப்பவில்லை. “எண்ண ஆரம்பிச்சா மேல இருக்கறவனும் கூடவே எண்ணுவான். இன்னும் மூணு கீதுன்னா மூணுக்குத்தான் அளந்து ஊத்துவான். அவனுக்குக் கணக்கே தெரியக் கூடாது மாமே.”

அப்படி ஏற்பட்டதுதான் இந்த விசித்திர ஏற்பாடு. கோயிலையும் குளத்தையும் சேர்த்து மாட வீதிகளை ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அம்மாசி ஓடுவார். மெஹபூப் அலி கடைச் சைக்கிள் ஒன்றில், சட்டைப் பையில் புளியங்கொட்டையோடு பின்னால் வருவார். சுற்றுக்கு ஒரு கொட்டையை இடப் பையிலிருந்து வலப் பைக்கு மாற்றுவார். எத்தனை சுற்று என்று வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பொய்தான் சொல்ல வேண்டும். “கடைசி மாமே, கடைசி, உடு ஜல்தி!” என்பார். அம்மாசி பாய்ந்து ஓடித் தேரடிக்கு வந்ததும், “இல்லபா, இன்னொண்ணு கீது” என்பார். சில நாள் இன்னொண்ணு இரண்டாகும். சில நாள், “இன்னும் நாலு” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று “போதும், நில்லு” என்பார். அம்மாசிக்கு அதுதான் ரொம்ப எரிச்சல். நாலு சுற்றுக்கு வைத்திருந்த மூச்சை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

ஐந்து வேளை தொழுகிற மெஹபூப் அலிக்குக் காலையில் எழுந்ததும் பொய் சொல்வது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு அதில் ஒரு கைத்திறனே வந்துவிட்டது. தொண்டை தழுதழுக்கப் பொய் சொல்வார். சத்தியம் பண்ணுவது மட்டும் கிடையாது.

இந்தப் பயிற்சி அம்மாசியை வேறு விதத்தில் கெடுத்துவிட்டது. உலகத்தில் எதையும் கடைசி என்று யார் சொன்னாலும் அவர் நம்புவதில்லை. ரேஷன் கடையில் “ஜீனி தீர்ந்துபோச்சு” என்று பலகை மாட்டினாலும் வரிசையை விட்டு நகர மாட்டார். சினிமாவில் வணக்கம் போட்டு, எல்லாரும் எழுந்து போய், பெருக்குகிற அம்மாள் விளக்குமாற்றோடு வரும் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். “சோறு அவ்ளோதான்” என்று சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாலும் தட்டை நீட்டிக்கொண்டே இருப்பாராம். சொன்னது மனைவி தேவானை. லஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவர், வாய் கொஞ்சம் நீளம். “ஊர்ல கீறவங்கல்லாம் கோயிலச் சுத்தி புண்ணியம் சேக்கறாங்கோ. இது சுத்திச் சுத்தி ஷூவத்தான் தேச்சுது. கேட்டா, மூளைக்கு வேல குடுக்கறேன்னுது. இருந்தாத்தானே குடுக்கறதுக்கு?” என்பார். ஆனால் ஓட்டத்துக்கு முந்தின நாள் கேழ்வரகுக் கூழைக் கரைத்து மூடி வைப்பதும், கிழிந்த ஷூவைக் கோணி ஊசியால் தைத்து வைப்பதும் அவர்தான். யாரும் சொல்லிச் செய்வதில்லை.

இந்த எழுபத்தைந்து ஜனவரியில், அதே மைதானத்தில், அதே பத்தாயிரம் மீட்டர். முதலில் வரும் இரண்டு பேர் மாநில அணிக்கு. இடையில் இரண்டு வருஷம் நாலாவதும் ஐந்தாவதுமாக வந்தவர் அம்மாசி. போட்டிக் குழுச் செயலாளர் சுப்பராமன் நயமான மனிதர். எண் துணியை நீட்டும்போது தோளைத் தொட்டு, “அம்மாசி, இந்தத் தடவை பாருங்கோ. இல்லேன்னா சின்னப் பசங்களுக்கு வழி விட்டுடலாம்” என்றார். அம்மாசி தலையாட்டினார். வழி விடச் சொன்னது அவருக்குக் குத்தத்தான் செய்தது. அந்த நானூறு மீட்டருக்குப் பதில் தெரியாமல் எப்படி விடுவது?

அந்தச் சுற்றுகளை விவரித்துப் பயனில்லை. நீண்ட ஓட்டம் பார்க்கிறவனுக்குச் சலிப்பு, ஓடுகிறவனுக்கு நரகம். பாதிக்கு மேல் மூன்று பேர்தான் முன்னால் இருந்தார்கள். இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன், முறுக்கு மீசைக்காரர் ஒருவர், அவருக்கு முப்பது மீட்டர் பின்னால் அம்மாசி. மேலே இருப்பவர் வழக்கம்போல் கத்தினார். அம்மாசி வழக்கம்போல் “நோட் பண்ணிக்கினேன் சார்” என்றார்.

மணி அடித்தது.

இளைஞன் பறந்தான். மீசைக்காரர் பின்னாலேயே பாய்ந்தார். அம்மாசி பாயவில்லை. வேகத்தைக் கூட்டாமல் அதே சீராக ஓடிக்கொண்டிருந்தார். வேலியோரம் நின்ற மெஹபூப் அலி கம்பியைப் பிடித்து உலுக்கினார். “கடைசி மாமே! நிஜம்மா கடைசி! உடு ஜல்தி!” என்று கத்தினார். மூன்று வருஷமாக இதே குரலில், இதே வார்த்தைகளை நூற்றுக்கணக்கான தடவை கேட்ட காது அது. நம்புமா?

உண்மையில் அன்று அம்மாசியைத் தடுத்தது மெஹபூப் அலியின் பொய்கள் மட்டும் இல்லை. மேலே இருப்பவர் குரலை மாற்றிக்கொண்டிருந்தார். நிறுத்து நிறுத்து என்று கத்திப் பயன் இல்லை என்று தெரிந்து, சிநேகிதன் மாதிரி காதோரம் வந்தார். மணியை நம்பாதே அம்மாசி. எழுபத்தொன்றை மறந்துவிட்டாயா? இன்னும் ஒன்றோ இரண்டோ இருக்கும். கொஞ்சம் மிச்சம் பிடித்து வை. இந்தப் புத்தியை அவருக்குக் கற்றுக் கொடுத்ததே அம்மாசிதான். இது நியாயமாக வேறு இருந்தது. அம்மாசி அரைச் சுற்று வரை அதைக் கேட்டுக்கொண்டு ஓடினார். மீசைக்காரர் நாற்பது மீட்டருக்குப் போய்விட்டார்.

எதிர்ப்பக்கத்து வளைவில்தான் அவருக்குப் பொறி தட்டியது. எதற்கு மிச்சம்? இன்னும் ஒன்று இருந்தால் என்ன ஆகிவிடும்? முடிந்த பிறகும் இன்னொன்று ஓடத்தானே மூன்று வருஷமாக மாட வீதியைத் தேய்த்தோம்? வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் கொடி பிடித்து நின்ற ஆசாமி திடுக்கிட்டுப் பார்த்தார்.

“கடைசியா இருந்தா சரி. இல்லாங்காட்டி இன்னொண்ணு ஓடுவோம். அவ்ளோதானே சார்? நீ குந்து.”

பிறகு ஓடியதைத்தான் ஓட்டம் என்று சொல்ல வேண்டும். நாற்பது மீட்டர் முப்பதாயிற்று, பதினைந்தாயிற்று. மீசைக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். திரும்பியிருக்கக் கூடாது. கோட்டுக்கு முன்னால் இரண்டு மார்பும் ஒன்றாக முன்னே சாய்ந்தன. நடுவர்கள் நாலு பேர் கூடிப் பேசினார்கள். இரண்டாம் இடம் அம்மாசிக்கு. மெஹபூப் அலி வேலியைத் தாண்டிக் குதித்ததில் லுங்கி கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

இளைஞன் புல்லில் மல்லாந்து கிடந்தான். மீசைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். எல்லாம் முடிந்துவிட்டது என்பது அம்மாசிக்கே இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது. தெரிந்த அந்த நொடியிலேயே கால் இரண்டும் துணி மாதிரி மடியப் பார்த்தன. எழுபத்தொன்றில் உட்கார்ந்த அதே புல், இரண்டடி தள்ளி. சுப்பராமன் கை கொடுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அம்மாசி அவரைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்து ஓடினார்.

“இன்னா மாமே, முடிஞ்சுபோச்சு! சத்தியமா முடிஞ்சுபோச்சு!” என்று மெஹபூப் அலி கிழிந்த லுங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தியம் பண்ணினார். “தெரியும் நைனா, நீ போய் குந்து” என்றார் அம்மாசி. முதல் வளைவில் தொடையில் யாரோ ஆணி அடித்தார்கள். இரண்டாவது வளைவில் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் கால் போய்க்கொண்டிருந்தது. வேகமில்லை, அழகில்லை, ஆனாலும் ஒவ்வொரு அடியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த நானூறு மீட்டரில் நூறு போயிற்று, இருநூறு போயிற்று. அவர் அழுதுகொண்டே ஓடினார், சந்தோஷமாக இருந்தார்.

பின்தங்கிய ஏழெட்டுப் பேர் இன்னும் தங்கள் சுற்றுகளை முடிக்காமல் ஓடிக்கொண்டிருந்ததால், இரண்டாவதாக வந்தவர் இவர் என்று அந்தப் பக்கம் நின்ற யாருக்கும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் மாநில அணிக்குக் கையெழுத்துப் போட வரும்படி அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பாவம் கடைசியில் வருகிறான் என்று இரக்கப்பட்டு, “உட்டுடாத தம்பி! இன்னும் கொஞ்சம்தான்!” என்று கைதட்டினார்.

அம்மாசி அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். கும்பிட்ட வலது கையை அப்படியே தூக்கி, ஓடிக்கொண்டே, தன் உச்சந்தலையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.