தைக் கல்யாணத்துச் செவ்வந்தி

எட்டயபுரத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் அவளுக்குத் தாலி கட்டும் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் அவள் தலை நிறையச் செவ்வந்தி இருக்கிறது. நான் இல்லை.

அந்தப் பூவை முடிவு செய்தது அக்காதான். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு நாங்கள் இருவரும் கோவில்பட்டி பூக்கடைக்குப் போனோம். நான் மல்லிகையே பார்க்கலாம் என்றேன். கடைக்கார அண்ணாச்சி ஒளிக்காமல் சொன்னார்: "தைப் பனியில மல்லி ஏது தாயி? ஐஸ்பெட்டியில கெடந்துதான் வருது. தாலி கட்டுததுக்குள்ள கருத்துப் போகும்." அக்கா ஒரு மஞ்சள் செவ்வந்தியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஏட்டி, இதுதான் எனக்கு. நடுவுல மரிக்கொழுந்து வச்சுக் கட்டச் சொல்லு" என்றாள். நான் சொல்லிவிட்டு வந்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

முகூர்த்தத்தன்று காலையில் மணப்பெண் அறைக்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அக்காவின் தலையைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கேத வீட்டுல பொணத்துக்குப் போடுத மாலைக்குக் கட்டுத பூவப் போயி பொண்ணு தலையில வச்சிருக்கீங்களே, இத யாரு சொன்னது?" என்று கேட்டார். அறையில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்கென்ன தெரியும் அத்தை? எல்லாம் தங்கச்சி பாத்ததுதான்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் வாழப்போகிற வீட்டில் முதல் நாளே பொய்க்காரியாகியிருப்பாள். பிச்சிப்பூ வாங்கிவர என்னையே விரட்டினார்கள். மேடையில் அவளுக்குப் பின்னால் நிற்பதற்கென்றே எடுத்த பட்டுப்பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். பனிக்காலத்தில் பிச்சியும் கிராக்கிதான். நாலாவது கடையில் இரண்டு முழம் கிடைத்தது. மண்டபத்து வாசலுக்கு வரும்போது கெட்டிமேளம் அடித்து ஓய்ந்திருந்தது. நல்ல நேரம் யாருக்காகக் காத்திருக்கும்? செவ்வந்தியோடேயே தாலி ஏறிவிட்டது. பூவும் வாடவில்லை, யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. எனக்குத்தான் 'கேதப் பூ வாங்குனவ' என்ற பெயர் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைவிட, அவள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கவில்லையே என்பதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சல்.

அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கல்யாணப் படபடப்பில் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு நினைவிருக்காது என்று நானாக ஒரு சமாதானம் செய்துகொண்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய், அந்தப் படத்துக்கு எதிரேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.

போன வாரம் போன் செய்தாள். மகளுக்குத் தையில் கல்யாணம். "பூவெல்லாம் நீதாம்ட்டி வந்து பாத்துச் சொல்லணும்."

"வாரேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களயும் கூட்டிட்டு வா. அவிய முன்னால வச்சே முடிவு பண்ணுவோம்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"இன்னுமா அத மனசுல வச்சிருக்க?" என்றாள்.

அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் இருபத்திரண்டு வருடமாக நான் அவளை மன்னித்து வைத்திருந்தேன்.