மாமா வைத்த வெண்ணெய்

அதிகம் வாசித்தால் மூளை சூடாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிள்ளைகளே. எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் நம்பாதீர்கள். அதை என் தலையிலேயே சோதித்துப் பார்த்தாயிற்று.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா, அம்மாவுக்கு அண்ணன். மம்சாபுரத்தில் வெண்ணெய் வாங்கி வந்து உருக்கி, நெய்யை ராஜபாளையம் சந்தையில் விற்பார். வெயில் கடுமையா என்று பார்க்கவும் வெண்ணெய்தான், அடுப்பு காய்ந்ததா என்று பார்க்கவும் வெண்ணெய்தான் அவருக்கு.

நான் தெருப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி முடித்து, வாசிக்கத் தொடங்கியிருந்தேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அம்மா, சாயங்காலம் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்க உட்காருவாள். அந்தக் கொட்டைகளால் அன்று படித்த எழுத்துகளை நான் தரையில் அடுக்க வேண்டும். பிறகு நான் கண்ணை மூடிக்கொள்வேன். அம்மா ஒரு கொட்டையை மட்டும் எடுத்துவிடுவாள், அல்லது நகர்த்திவிடுவாள். என்ன மாறியது, எழுத்து என்ன ஆயிற்று என்று நான் சொல்ல வேண்டும். புள்ளிக் கொட்டையை எடுத்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். நாலைந்தைக் கலைத்துவிடு என்று நான் கெஞ்சினாலும் கேட்கமாட்டாள்.

"ஒண்ணத்தான் மாத்தணும். அப்பத்தான் எதனால ஆச்சுன்னு தெரியும்" என்பாள்.

என்னைத் தெருச் சுற்றவிடாமல் பிடித்துவைக்க அம்மா கண்டுபிடித்த தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டதும் மாமா தீர்ப்புச் சொன்னார்: "வாசிச்சு வாசிச்சு பயலுக்கு மூளை சூடேறிப் போச்சு. பள்ளிக்கூடம் போதும். இனி என்கூட மம்சாபுரம் வரட்டும்."

"மூளைதான் சூடேறிச்சுன்னு எப்பிடிண்ணே தெரியும்?" என்றாள் அம்மா.

மாமா உள்ளே போய் வெண்ணெய்ச் சட்டியை எடுத்துவந்தார். நெய் வாங்க வந்திருந்த ஜவுளிக்கடை ராவுத்தரைச் சாட்சிக்கு நிறுத்தினார். முற்றத்து முருங்கை நிழலில் என்னை உட்கார்த்தி, உச்சந்தலையில் நெல்லிக்காய் அளவு வெண்ணெய் வைத்தார். நான் பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துச் சத்தம்போட்டு வாசித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் வெண்ணெய் என் காதுக்குள் வழிந்தது.

"பாத்தியாட்டி, எப்பிடிக் கொதிக்குன்னு" என்றார் மாமா.

நான் பயந்துபோனேன். மண்டைக்குள் ஏதோ கொப்பளிப்பது போலக்கூட இருந்தது. அம்மா முந்தானையால் என் காதைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு உருண்டை வைங்கண்ணே. அதே அளவு, அதே எடம். வாசிக்கிறதை மட்டும் நிறுத்திப் பாப்போம்."

சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுவும் அதே காதுக்குள் வழிந்தது.

"முன்ன வாசிச்ச சூடு மிச்சம் இருக்கும்" என்றார் மாமா.

"அப்ப வாசிக்காத தலையில வச்சுப் பாப்போம். நீங்க உக்காருங்க."

மாமா சோற்றைத் தின்றுகொண்டு மாமாவிடம் அப்படி யாரும் பேசி அந்த வீடு கேட்டதில்லை. மாமா ராவுத்தரைப் பார்த்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. என்னைய சாட்சிக்கின்னுதான நிறுத்தினிய?" என்றார் ராவுத்தர்.

மாமா போன மாதம்தான் திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தார். அம்மா வைத்த வெண்ணெய் அந்த மொட்டையில் செத்த நேரம்கூட நிற்கவில்லை. நெற்றியில் இறங்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எங்களுக்குத் தெரியாம நீங்க எம்புட்டு வாசிச்சிய, அண்ணாச்சி?" என்றார் ராவுத்தர்.

மாமா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். பள்ளிக்கூடத்தை நிறுத்தும் பேச்சு அதன்பின் வரவில்லை. அம்மாவோடும் சித்திரை முடியும்வரை அவர் பேசவில்லை. எதிரிலேயே அவள் நின்றாலும் பேச்சு என் வழியாகத்தான் போகும்.

"ஏலே, ஒங்கம்மைகிட்ட சோறு வைக்கச் சொல்லு."

"வச்சது ஆறிப்போச்சுன்னு சொல்லு."

வாசித்தால் தலைக்குள் ஏதோ ஆகும் என்று மாமா சொன்னதில் மட்டும் தப்பில்லை. ஆகத்தான் செய்யும். வாசிப்பதை மட்டும் நிறுத்திப் பார்ப்போம் என்று அம்மாவுக்கு எங்கிருந்து தோன்றியது? ஒற்றைக் கொட்டையை எடுத்து எடுத்து விளையாடிப் பழகிய மூளை அது. நீங்களும் விளையாடிப் பாருங்கள். யார் தடுத்தாலும் விளையாடுங்கள்.

வெண்ணெய் வைத்த மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கொட்டைகளோடு காத்திருந்தாள். கோலிக்குப் போகிற அவசரம் எனக்கு. "எழுத்தை வச்சுக் காட்டிட்டுப் போ" என்றாள். வைத்துவிட்டு ஓடினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தால், நான் வைத்த எழுத்துக்குக் கீழே என் பெயர் முழுவதும் புளியங்கொட்டையில் இருந்தது. நான் வைக்கவில்லை. மாமாவுக்கு எழுத்தே தெரியாது. அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நான் எல்லாவற்றையும் வழித்து ஓலைக்கொட்டானில் போட்டேன். அன்று முற்றத்தில் அம்மா என் ஒருவன் படிப்புக்காகத்தான் மல்லுக்கு நின்றாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.